நட்டை முறுக்கினால் பிரேக் சரியாகிவிடுமா?

பழைய பைக் ஒன்றின் பின் சக்கரத்துக்கு வலப்பக்கம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பிரேக் பெடலிலிருந்து ஒரு நீளக் கம்பி சக்கரத்தின் நடுப்பகுதிவரை ஓடும். கம்பியின் கடைசியில் மரை, மரையில் ஒரு நட்டு. "பிரேக் இறங்கிப் பிடிக்குதுண்ணே" என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், மெக்கானிக் குனிந்து அந்த நட்டை இரண்டு சுற்று சுற்றுவார். பெடலைக் கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். "போங்க தம்பி, சரியாப் போச்சு" என்பார். பல நேரம் காசுகூட வாங்க மாட்டார்.

எங்கள் அப்பாவின் 1997 ஸ்பிளெண்டரில் அந்த நட்டு எத்தனை முறை முறுக்கப்பட்டது என்பதற்குக் கணக்கே இல்லை. ஒருநாள் வண்டியைக் கழுவும்போது பார்த்தேன்: நட்டைத் தாண்டிப் பின்னால் இரண்டு விரற்கடை அளவுக்கு மரை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. துடைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அதே வண்டியில் சிறுமலை போனோம். திண்டுக்கல்லிலிருந்து மேலே ஏற 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது தொந்தரவில்லை. இறங்கும்போது பின்னால் தம்பி, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தார் மலைவாழைப்பழம். நான் டாப் கியரிலேயே, பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் ஒரு வளைவில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. அதற்கடுத்ததில் காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லாதது போல இறங்கிவிட்டது. கியரைக் குறைத்து, முன் பிரேக்கைப் பிடித்து, மலைப்பக்கமாக ஓரங்கட்டி நிறுத்தினேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குக் கிட்டே கையைக் கொண்டுபோகும்போதே அனல் அடித்தது. கருகிய வாடை வேறு. அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக உருட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங் நகத்தின் தடிமன்கூட இல்லை. ஒரு முனையில் அலுமினியமே டிரம்மில் உரசியிருந்தது.

அந்த நட்டு, லைனிங் எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவையும் ஈடுகட்டிக்கொண்டே வந்திருக்கிறது. தேய்ந்துவிட்டது என்று பெடல் நமக்குச் சொல்லவிடாமல் மறைத்தும் வந்திருக்கிறது. டிரம் பிரேக் உள்ள வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதால், உள்ளே என்ன நடக்கிறது, வெளியே இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது, திறந்தால் என்ன செய்வது என்று அடியிலிருந்து சொல்கிறேன்.

தீப்பெட்டியும் குச்சியும்

டிரம் பிரேக் புதிய சங்கதியில்லை. 1902-லேயே பிரான்ஸின் லூயி ரெனோ இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றும் அடிப்படை அதேதான். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப், உள்ளே குடைந்த ஒரு கிண்ணம். அதன் உட்சுவரில் இரும்பு வளையம் பதித்திருக்கும். அதுதான் டிரம், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அந்தக் கிண்ணத்தை மூடும் தட்டு பிரேக் பிளேட். அது சுற்றாது. தட்டின் உள்பக்கம் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். ஷூவின் வெளி வளைவில் ஒட்டியிருக்கும் கரடுமுரடான பட்டைதான் லைனிங். நம் வண்டி நிற்பது அந்தப் பட்டையால்தான்.

இரண்டு ஷூக்களின் ஒரு முனை, நகராத ஒரு முளையில் சாய்ந்திருக்கும். மறுமுனைகளுக்கு நடுவே கேம் என்ற தட்டையான துண்டு இருக்கும். வீட்டில் இதைச் செய்து பாருங்கள். இரண்டு புத்தகங்களை நிறுத்தி வைத்து, நடுவில் ஒரு தீப்பெட்டியை அதன் ஒடுங்கிய பக்கம் இரண்டு புத்தகத்தையும் தொடும்படி வையுங்கள். இப்போது தீப்பெட்டியை மெல்லத் திருப்புங்கள். அகலமான பக்கம் குறுக்கே வர வர, புத்தகங்கள் இரண்டும் விலகும். பிரேக்கை மிதிக்கும்போது கேம் செய்வது இதைத்தான். கம்பி இழுக்கிறது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் கை திரும்புகிறது, அதன் மறுமுனையில் இருக்கும் கேம் திரும்பி ஷூக்களை விரிக்கிறது, லைனிங் டிரம்மில் அழுந்துகிறது. பெடலை விட்டால் உள்ளே இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகள் ஷூக்களை மறுபடி சுருக்கிக்கொள்ளும். அந்தக் குட்டைக் கையை மெக்கானிக்குகள் ஆர்ம் என்பார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அது வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. இரண்டு ஷூவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. ஒரு நீளக் குச்சியை முன்னால் சாய்த்துத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே நடந்து பாருங்கள். அது தரையில் குத்திக்கொண்டு நிற்கப் பார்க்கும். அதே குச்சியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு ஷூக்களும் அப்படித்தான். ஒன்றை, சுற்றும் டிரம்மே இழுத்துத் தன்மேல் இன்னும் அழுத்திக்கொள்கிறது. இது முன்னோடி ஷூ. இன்னொன்றை டிரம் தள்ளிவிடப் பார்க்கிறது. இது பின்னோடி ஷூ. சக்கரம் தன் வேகத்தாலேயே தன்னை நிறுத்த உதவுகிறது என்றுகூடச் சொல்லலாம். எண்ணெய் அழுத்தம் எதுவும் இல்லாமல், வெறும் கம்பியை வைத்து ஒரு வண்டியை நிறுத்த முடிவது இதனால்தான். முன்னோடி ஷூ சீக்கிரம் தேய்வதும் இதனால்தான். கழற்றும்போது ஒரு ஷூ மற்றதைவிட மெலிந்திருந்தால் பயப்பட வேண்டாம்.

புல்லட்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பழைய புல்லட்டின் 7 அங்குல முன் டிரம்மில் இரண்டு கேம் இருக்கும் வகை உண்டு. அதில் இரண்டுமே முன்னோடி ஷூக்கள். முன்னால் போகும்போது நன்றாகப் பிடிக்கும். மேட்டில் நின்று வண்டி பின்னால் சரியும்போது அதே பிரேக் பிடிக்கவே பிடிக்காதது போலத் தோன்றும். காரணம், பின்னால் உருளும்போது இரண்டுமே பின்னோடியாகிவிடுகின்றன. பிரேக்கில் கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. மேட்டில் பின் பிரேக்கில் கால் வையுங்கள்.

தேயும்போது என்ன ஆகிறது

சின்ன பைக்குகளில் புது லைனிங் ஏறக்குறைய 4 மி.மீ. தடிமன் இருக்கும். 2 மி.மீ. வந்தால் மாற்றிவிட வேண்டும் என்பதுதான் பெரும்பாலான சர்வீஸ் கையேடுகளின் கணக்கு. ஒவ்வொரு ஷூவிலும் 2 மி.மீ. போனால், இரண்டுக்கும் சேர்த்துக் கேம் குறைந்தது 4 மி.மீ. கூடுதலாக விரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு அது இன்னும் அதிகம் திரும்ப வேண்டும். ஆர்மும் அதோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு போல்ட்டைக் கழற்றும்போது ஸ்பேனரைக் குறுக்காக இழுத்தால் போல்ட்டு திரும்பும். ஸ்பேனரின் நீளவாக்கிலேயே இழுத்தால் கை வலிப்பதுதான் மிச்சம். ஆர்மும் ஒரு ஸ்பேனர்தான். பெடலை அழுத்திப் பிடித்த நிலையில் கம்பிக்கும் ஆர்முக்கும் நடுவே 'ட' எழுத்தின் மூலை போல செங்கோணம் இருந்தால், காலின் பலம் முழுக்கக் கேமுக்குப் போகும். லைனிங் தேய்ந்து ஆர்ம் அதைத் தாண்டிச் சாயச் சாய, அதே மிதிக்குக் கிடைக்கும் பலம் குறைந்துகொண்டே வரும். நட்டை முறுக்கினால் பெடல் மேலே வந்துவிடும், பிளேயும், அதாவது பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரமும், சரியாகிவிடும். குறைந்துபோன பலம் மட்டும் திரும்பி வராது. இன்னும் முற்றினால் கேம் ஏறக்குறைய முழுதாகக் குறுக்கே திரும்பி, ஷூக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு திரும்பி வராமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஓடுகிற வண்டியில் சக்கரம் அப்படிப் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சூடு இதற்கு மேல் வேறொன்றைச் செய்கிறது. தொடர்ந்து உரசினால் டிரம் சூடாகும். சூடானால் விரியும். அதாவது ஷூவைவிட்டு விலகிப் போகும். லைனிங்குக்கும் சூடு ஏற ஏறப் பிடிமானம் குறையும். புது லைனிங் என்றால் பெடல் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். கடைசி நூலில் நிற்கும் லைனிங்குக்கு அந்தக் கொஞ்சத்தைத் தாங்கும் இடம் இல்லை. சிறுமலையில் எனக்கு நடந்தது இதுதான். ஊருக்குள் ஓட்டும்போது பிடித்த பிரேக், மலையில் கைவிட்டதற்கு வேறு மர்மம் கிடையாது.

வெளியே இருந்தே கண்டுபிடிப்பது

முதலில் ஆர்மைப் பாருங்கள். யாரையாவது பெடலை முழுக்க அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அந்த 'ட' மூலை இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்று கவனியுங்கள். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் ஆர்மின் அடியில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், பிரேக் பிளேட்டில் ஒரு கோடோ முக்கோணமோ இருக்கும். பிரேக் முழுக்கப் பிடித்த நிலையில் அம்பு அந்தக் குறியைத் தொட்டால், ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது. எவ்வளவு நல்ல ஏற்பாடு! அழுக்கு அப்பிக் கிடப்பதால் வண்டி வாங்கி இருபது வருஷம் ஆனவர்கள்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதும், தெரிந்துவிடும்.

இந்த அம்பை நம்புவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆர்ம், கேம் தண்டில் பற்கள் மேல் மாட்டியிருக்கும். நட்டு முறுக்க மரை தீர்ந்துபோன வண்டியில், ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பது பட்டறைகளில் நடக்கும் ஒரு குறுக்கு வழி. பெடல் உடனே கிண்ணென்று நிற்கும், கோணமும் சரியாகிவிட்டது போலத் தெரியும். உள்ளே கேம் அதே ஆபத்தான இடத்தில்தான் நிற்கிறது. பழைய வண்டியைப் புதிதாக வாங்கியிருந்தால், அம்பு என்ன சொன்னாலும் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் கேளுங்கள். மெல்லிய உரசல் சத்தம் ஒரே சீராக வந்தால் பெரும்பாலும் அட்ஜஸ்ட்மெண்ட் இறுக்கம். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் "சர்ர்... சர்ர்..." என்று வந்தால் டிரம் வட்டம் மாறியிருக்கலாம். ஓட்டும்போது பெடல் காலை மேலும் கீழுமாக லேசாகத் தட்டுவதும் அதே நோய்தான். ஸ்போக்ஸ் சில இறுக்கமாகவும் சில தொளதொளவென்றும் இருந்தால், அவை ஹப்பை இழுத்து அந்த வட்டத்தைக் கெடுத்துவிடும்.

பெடலை விட்டபிறகும் சக்கரம் இறுகலாகவே சுற்றினால், குற்றவாளி ஷூவாக இருக்க வேண்டும் என்பதில்லை. முன் பிரேக்கில் இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஹப் பக்கத்தில் கேபிளை ஆர்மிலிருந்து கழற்றிவிட்டு, ஆர்மைக் கையால் திருப்பி விடுங்கள். டக்கென்று திரும்பி வந்தால் கேமும் ஸ்பிரிங்கும் நலம், கேபிள்தான் துருவேறியிருக்கிறது. சோம்பலாகத் திரும்பினாலோ, அப்படியே நின்றாலோ, கேம் தண்டு கிரீஸ் வற்றித் துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மழையில் நின்ற வண்டிகளில் இது மிகச் சாதாரணம். கேபிளைப் பார்க்கும்போது லிவர் முனையில் இருக்கும் ஈயக் குண்டுக்குப் பக்கத்தில் இழைகள் அறுந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிட வேண்டும்.

கீச்சென்ற கத்தல் பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூசியாலோ, லைனிங் மேல் கண்ணாடி போலப் பளபளப்பு ஏறியதாலோ வருவது. எரிச்சலூட்டும், உடனடி ஆபத்தில்லை. இரும்போடு இரும்பு தேய்வது போல அடித்தொண்டையில் கரகரத்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மழைநாளில் தேங்கிய தண்ணீருக்குள் விட்டு எடுத்தபின் பிரேக் பிடிக்காமல் போவது இன்னொரு வகை. உள்ளே தண்ணீர் போயிருக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாகப் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டால் சூட்டில் காய்ந்துவிடும்.

திறப்பதற்கு முன் மூச்சைப் பற்றி

சிறுவயதில் பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும்: மெக்கானிக் அண்ணன் பிரேக் பிளேட்டைக் கழற்றி, டிரம்முக்குள் வாயால் "ஃபூ" என்று ஊதுவார், கறுப்புத் தூசி முகத்தில் அடிக்கும், கையால் துடைத்துக்கொள்வார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் என்று கூரை ஓட்டுக்குச் சொல்கிறோமே, அதே பொருள். அதன் இழைகள் நுரையீரலில் தைத்துக்கொண்டால் வெளியே வராது. பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக் கூடியவை. உங்கள் வண்டியில் இருப்பது எந்தக் காலத்து லைனிங் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் வாயால் ஊத வேண்டாம், காற்றுப் பம்பாலும் அடிக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மெக்கானிக் ஊதினால், "அண்ணே, ஊதாதீங்க" என்று உரிமையோடு சொல்லுங்கள். நான் சொல்கிறேன். முதலில் சிரித்தவர் இப்போது துணி வைத்திருக்கிறார்.

கழற்றுவது

பின் சக்கரம் என்றால் கம்பியின் நட்டை முழுதாகக் கழற்றி விடுங்கள். அதோடு வரும் குட்டி முளையும் ஸ்பிரிங்கும் தொலையாமல் கம்பியிலேயே திரும்ப மாட்டி, நட்டை லேசாகப் போட்டு வையுங்கள். பிரேக் பிளேட்டையும் வண்டியையும் இணைத்துக்கொண்டு ஒரு தட்டைக் கம்பி இருக்கும். மிதிக்கும்போது பிளேட்டும் டிரம்மோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதன் போல்ட்டையும் கழற்றுங்கள். பிறகு, சக்கரத்தின் நடுவே ஓடும் தண்டான ஆக்சிலின் நட்டு. ஆக்சிலை உருவும்போது ஸ்பேசர் என்ற ஒரு குட்டிக் குழாய் கீழே விழும், எந்தப் பக்கம் இருந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பிளேட்டை வெளியே எடுத்ததும் ஷூக்களைக் கழற்ற ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு ஷூவையும் ஒருசேரப் பிடித்து, கவிழ்த்து வைத்த புத்தகம் போல நடுவில் மடக்குங்கள். தானாகவே கழன்று வந்துவிடும். மாட்டும்போதும் இதே வழிதான்: ஸ்பிரிங்குகளை முதலில் கோர்த்து, புத்தகம் போல மடக்கிப் பிடித்து, ஒரு முனையை முளையிலும் மறுமுனையைக் கேமிலும் வைத்து, இரண்டு கையாலும் கீழே அழுத்தினால் டப்பென்று உட்காரும். விரலை நடுவில் விட்டுவிடாதீர்கள், நசுக்கிவிடும்.

இப்போது நிதானமாகப் பாருங்கள். லைனிங்கில் மிகவும் மெலிந்த இடம் எதுவோ அதை அளங்கள், தடித்த இடத்தை அளந்து திருப்திப்பட வேண்டாம். 2 மி.மீ.க்கு மேல் இருந்து, பளபளப்பு மட்டும் ஏறியிருந்தால் கரடான உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்து மங்கலாக்கினால் போதும். கிரீஸோ எண்ணெயோ ஊறிய லைனிங்கை மட்டும் காப்பாற்ற நினைக்காதீர்கள். பெட்ரோலில் கழுவுவார்கள், நெருப்பில் காட்டுவார்கள். மேலே காய்ந்தது போல இருக்கும், சூடேறியதும் உள்ளே இருந்து மறுபடி கசியும். அந்த ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ஹப் பேரிங்கின் சீல் போயிருக்கும், அல்லது போன முறை யாரோ கேமுக்குக் கிரீஸை அள்ளி வைத்திருப்பார்கள்.

அடுத்து டிரம். உட்சுவரில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் தேயாத விளிம்பு ஒரு படிக்கட்டு போல நகத்தில் தட்டும். அந்தப் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு டிரம் தேய்ந்திருக்கிறது. டிரம்மிலேயே மேக்ஸ் என்று போட்டு ஓர் எண் அடித்திருக்கும். 130 மி.மீ. டிரம்முக்கு அது பொதுவாக 131. வெர்னியர் வைத்திருக்கும் லேத் பட்டறையில் அளந்து தருவார்கள். அந்த எண்ணுக்குள் இருந்து, ஆழமான கோடுகளோ வட்டக் கோளாறோ இருந்தால் லேத்தில் கடைந்து சரிசெய்யலாம். சக்கரத்தை ஸ்போக்ஸோடு, ரிம்மோடு அப்படியே ஏற்றிக் கடைய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹப்பைத் தனியாகக் கடைந்துவிட்டுப் பிறகு ஸ்போக்ஸ் கட்டினால், இழுவையில் வட்டம் மறுபடி கோணும். எண்ணைத் தாண்டிவிட்டால் ஹப்பையே மாற்றுவதுதான் வழி. வேறு யோசனையே வேண்டாம்.

புது ஷூ, பழைய டிரம்

ஷூவை எப்போதும் ஜோடியாக, புது ஸ்பிரிங்குகளோடு மாற்றுங்கள். நல்ல கம்பெனி லைனிங்காகப் பார்த்து வாங்குங்கள். நான் ஒருமுறை விலை குறைவு என்று பெயர் தெரியாத ஒரு செட்டை வாங்கி மாட்டினேன். கல் மாதிரி இருந்தது. தேயவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அது தேய்க்க ஆரம்பித்ததெல்லாம் டிரம்மைத்தான்.

மாட்டுவதற்கு முன் கேம் தண்டு. இதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதே இல்லை, புது ஷூ போட்டும் பிரேக் மந்தமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆர்முக்கும் தண்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி அடித்து வைத்துக்கொண்டு, ஆர்மைக் கழற்றி, தண்டைத் தட்டி எடுங்கள். துருவை மெல்லிய எமரித்தாளால் நீக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். கேமின் முகத்துக்கும் ஷூ சாயும் முளைக்கும் ஒரு பொட்டு போதும். லைனிங் மேல் கிரீஸ் விரல் படவே கூடாது. பழைய புள்ளிகள் நேராக வரும்படி ஆர்மை மாட்டுங்கள்.

தேய்ந்த டிரம்முக்குள் புது ஷூ போட்டால் முதலில் பிரேக் திருப்தியாக இருக்காது. டிரம்மின் வளைவு பெரிதாகியிருக்கும், ஷூவின் வளைவு புதுசு. அதனால் லைனிங்கின் நடுப்பகுதி மட்டுமே தொடும். எங்கே தொடுகிறது என்று பார்க்க ஒரு பழைய வழி: லைனிங் மேல் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டு, சக்கரத்தை மாட்டி, லேசாகப் பிரேக் பிடித்துச் சில சுற்று சுற்றிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் கோடுகள் பரவலாக அழியும். ஒரு மதியம் முழுக்கப் பிடிக்கும் வேலை. பட்டறையில் இதற்கு நேரம் இருக்காது, அதனால்தான் இந்த வேலையை நாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஷூவின் முனை விளிம்பை லேசாகச் சரித்துவிட்டால் கீச்சுச் சத்தமும் குறையும்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஆக்சில் நட்டைக் கையளவுக்கு மட்டும் முறுக்கி நிறுத்துங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சுற்றும்போதே பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பிளேட் தானாகவே நகர்ந்து டிரம்மின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப் பிடித்த பிடியிலேயே ஆக்சில் நட்டை முழுக்க இறுக்குங்கள். இதற்கு ஆகும் நேரம் பத்து விநாடி. பிரேக்கில் தெரியும் வித்தியாசத்தை நீங்களே உணர்வீர்கள்.

முன் சக்கரத்தில் பிளேட்டில் இருக்கும் பள்ளம் ஃபோர்க்கின் முட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பின் சக்கரத்தில் அந்தத் தட்டைக் கம்பியின் போல்ட்டும், அதற்கு ஸ்பிளிட் பின் உண்டென்றால் அதுவும். இதை விட்டுவிட்டு வண்டியை எடுத்தால், முதல் மிதியிலேயே பிளேட் சக்கரத்தோடு சுழன்று பிரேக் கம்பியை முறுக்கிப் பிய்த்துவிடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

கடைசியாக நட்டு

இப்போதுதான் நட்டுக்கு அதன் உண்மையான வேலை. பின் பெடல் 20 முதல் 30 மி.மீ. வரை சும்மா இறங்கி, அதற்குப் பிறகு பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். முன் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஹோண்டா வகைச் சின்ன வண்டிகளுக்கு இந்தக் கணக்கு. நட்டின் முகத்தில் ஒரு பிறைப் பள்ளம் இருக்கும், ஆர்மின் முளையில் அது பொருந்தி நிற்க வேண்டும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை "டக்" என்று உட்காருவது விரலுக்கே தெரியும். நடுவாந்திரத்தில் விட்டால் ஓடும்போது தானாகத் திரும்பிப் பிளே மாறிவிடும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து உரசல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக் லைட் எப்போது எரிகிறது என்றும் பார்த்துவிடுங்கள். பிடிக்க ஆரம்பிக்கும்போதே எரிய வேண்டும்.

செயினை டைட் செய்யும்போதெல்லாம் இந்த வேலையை மறுபடி செய்ய வேண்டும். சக்கரம் பின்னால் நகரும், கம்பியின் நீளம் மாறாது, அதனால் பிரேக் தானாக இறுகிவிடும். "செயின் டைட் பண்ணின நாள்ல இருந்து வண்டி இழுக்கல, மைலேஜ் குறைஞ்சிருச்சு" என்று புலம்புகிறவர்கள் எத்தனையோ பேர். ஹப்பைத் தொட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

புது ஷூ டிரம்மோடு பழக முதல் 100 கிலோமீட்டர் கொடுங்கள். அதுவரை முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு, அழுத்தாமல் பல முறை மென்மையாகப் பிரேக் பிடியுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கத்தையும் அப்போதே ஆரம்பித்துவிடலாம். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு உட்பட்ட புது வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றதும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 1997 வண்டிக்கு அதை நம் கையும் காலும்தான் செய்ய வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கினால் என்ஜினே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கும்.

அப்பாவின் வண்டியில் புது ஷூ போட்டபோது, நட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மரை ஐந்து. எண்ணிவிட்டு, தேய்மானம் எல்லையைத் தொடும்போது நட்டு எங்கே நிற்குமோ அந்த இடத்தில் கம்பி மேல் வெள்ளை பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன். வண்டி கழுவும்போதெல்லாம் அப்பா குனிந்து அதைப் பார்க்கிறார். நட்டு புள்ளிக்கு இன்னும் ஒரு விரற்கடை தள்ளித்தான் இருக்கிறது.